இறுதியாண்டுத் திட்டப்பணி: பிள்ளை செய்ததா, விலைக்கு வாங்கியதா?

(குனோங் ராபாட் சமூக மண்டபத்தில் ஒளிப்பதிவு செய்யப்பட்ட தொலைக்காட்சிக் கருத்துக்களத்தில், நிகழ்ச்சித் தொகுப்பாளர் ஆற்றிய தொடக்க உரையின் எழுத்து வடிவம்.)



முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் கணினி படித்தவள் அல்ல. மக்கள் தொடர்பியலில் டிப்ளோமா முடித்துவிட்டு ஒலிவாங்கியைப் பிடித்தவள். கல்வி நிகழ்ச்சி நடத்துவதால் பெற்றோரிடமும் பிள்ளைகளிடமும் விரிவுரையாளர்களிடமும் பேசுகிற வாய்ப்பு கிடைக்கிறது. அப்படிப் பேசியபோது காதில் விழுந்த ஒரு விஷயம்தான் இன்றைய தலைப்பு.

இந்த வட்டாரத்தைச் சேர்ந்த ஒரு தாயார். தோட்டத்தில் பால்மரம் சீவியவர். தோட்டம் போன பிறகு இங்கே குனோங் ராபாட்டில் ஹியோங் பியா பிஸ்கட் சுடும் பட்டறையில் வேலை. அந்த பிஸ்கட்டைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஈப்போவுக்கு வருகிறவர்கள் பொட்டலம் பொட்டலமாக வாங்கிப் போகிறார்கள். ஒரு நாள் அவர் என்னிடம் கேட்டார்: "தங்கச்சி, எஃப்.ஒய்.பி. புத்தகம்னா என்ன? பையன் 1,800 வெள்ளி கட்டணும்ங்கிறான். அவ்வளவு விலையிலயா புத்தகம் விக்கிறாங்க?"

எனக்குப் புரியவில்லை. "அக்கா, விசாரித்துச் சொல்கிறேன்" என்றேன். விசாரித்தால்... அது புத்தகமே இல்லை. கணினித்துறை இளங்கலைப் பட்டப்படிப்பின் கடைசி ஆண்டில் ஒவ்வொரு மாணவரும் செய்ய வேண்டிய திட்டப்பணி. அதை வேறொருவர் செய்து கொடுப்பதற்கான கூலிதான் அந்த 1,800 வெள்ளி! புலனத்தில் ஒரு எண், முன்பணம் பாதி, வேலை முடிந்ததும் மீதி. அந்த அம்மா நகையை அடகு வைத்துக் கொடுத்துவிட்டார்.

பையன் எந்தக் கல்லூரி, என்ன பெயர் என்று யாரும் கேட்காதீர்கள். அவனுடைய அனுமதியோடுதான் இதைச் சொல்கிறேன்.

கடைசி ஆண்டில் என்ன நடக்கிறது?

பெற்றோருக்காகக் கொஞ்சம் விளக்க வேண்டும். எம்.கியூ.ஏ. எனப்படும் மலேசியத் தகுதி நிர்ணய நிறுவனம் கணினித் துறைப் படிப்புகளுக்கென வகுத்திருக்கும் தரநிலையில் இந்தத் திட்டப்பணியும் இடம்பெற்றிருக்கிறது. அதனால் நம் பேராவிலேயே படித்தாலும் சரி, கோலாலம்பூர் போனாலும் சரி, கணினிப் பட்டதாரி ஆக வேண்டுமானால் இதைக் கடந்துதான் ஆக வேண்டும். பெரும்பாலும் இரண்டு பருவங்கள் நடக்கும். முதல் பருவத்தில் மாணவர் ஒரு பிரச்சினையை எடுத்துக்கொள்கிறார். அதற்கு முன்பு யார் யார் என்ன செய்திருக்கிறார்கள் என்று படிக்கிறார். தான் செய்யப்போவதைத் திட்டமாக எழுதிக் கொடுக்கிறார். இரண்டாம் பருவத்தில் மென்பொருளை உருவாக்குகிறார், சோதிக்கிறார், அறிக்கை எழுதுகிறார். மேற்பார்வையாளர் ஒருவர் இருப்பார். அவரை அடிக்கடி சந்தித்துக் குறிப்பேட்டில் பதிய வேண்டும். முடிவில் தேர்வாளர்கள் முன்னிலையில் நேர்முக விளக்கம். வைவா என்று பிள்ளைகள் நடுங்குகிறார்களே, அதுதான்.

மற்ற பாடங்களில் கேள்வியை விரிவுரையாளர் கொடுப்பார், பதிலைப் பிள்ளை எழுதும். இங்கே கேள்வியையும் பிள்ளையே கண்டுபிடிக்க வேண்டும். படிப்பு முழுவதிலும் அப்படிப்பட்ட சந்தர்ப்பம் இது ஒன்றுதான் என்று சொல்லலாம். விலைக்கு வாங்கும்போது அந்தக் கேள்விதான் முதலில் போய்விடுகிறது.

அந்தப் பையனுக்கு என்ன ஆனது? வாங்கிய மென்பொருள் கடைச் சரக்கிருப்பைக் கவனிக்கும் ஓர் இணையத்தளம். பார்ப்பதற்கு அழகாகத்தான் இருந்ததாம். அறிக்கையும் டர்னிட்டின் சோதனையில் தப்பிவிட்டது. வைவாவில் தேர்வாளர் ஒருவர் பொறுமையாகப் பார்த்துவிட்டு, "தம்பி, இந்தப் பட்டியல் பெயர் வரிசையில் இருக்கிறது. இங்கேயே உட்கார்ந்து தேதி வரிசைக்கு மாற்றிக் காட்டு" என்றாராம். தெரிந்தவருக்கு ஒரு வரி வேலை. பையனுக்கு எந்தக் கோப்பைத் திறப்பது என்றே தெரியவில்லை. இருபது நிமிடம் விசைப்பலகையைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறான்.

தோல்வி. இன்னொரு பருவம், இன்னொரு முறை கட்டணம். பி.டி.பி.டி.என். கடன் ஒரு பக்கம், அடகுக் கடை வட்டி மறுபக்கம்.

தமிழ்நாட்டில் இதற்குக் கடையே உண்டு

நம் ஊரில் இது மறைவாக நடக்கிறது. தமிழ்நாட்டில் பலகை மாட்டியே நடக்கிறது! சென்னை, கோவை, மதுரை என்று பொறியியல் கல்லூரிகள் நிறைந்த ஊர்களில் 'ப்ராஜெக்ட் சென்டர்' என்று தேடினால் தெருவுக்குத் தெரு கிடைக்கும். 'ஐ.இ.இ.இ. ப்ராஜெக்ட்' என்று விளம்பரம் செய்வார்கள். ஐ.இ.இ.இ. என்பது அமெரிக்காவில் தலைமையகம் கொண்ட மின், மின்னணுப் பொறியாளர்களின் உலக அமைப்பு. அது கடை திறந்து யாருக்கும் திட்டப்பணி விற்கவில்லை. அதன் இதழ்களிலும் மாநாடுகளிலும் வெளியாகும் ஆய்வுக் கட்டுரைகளின் தலைப்பை எடுத்து, அதைப்போல ஒன்றைச் செய்து விற்பதைத்தான் இப்படி அழைக்கிறார்கள். மூலநிரல், அறிக்கை, பவர்பாயிண்ட், வைவாவில் கேட்கக்கூடிய கேள்விகளும் பதில்களும் எல்லாம் ஒரே கட்டு. ஒரே தலைப்பை எத்தனை கல்லூரி மாணவர்கள் வாங்குகிறார்கள் என்பது அந்தக் கடைக்காரருக்குத்தான் வெளிச்சம்.

எல்லா மையங்களையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. சொல்லிக் கொடுக்கிற இடங்களும் இருக்கின்றன. கல்லூரியில் வழிகாட்ட ஆளில்லாமல் அங்கே போய்த்தான் உருப்படியாகக் கற்றுக்கொண்டேன் என்று சொல்பவர்களும் உண்டு. ஒரு மேற்பார்வையாளருக்கு அளவுக்கு மீறி மாணவர்களைக் கொடுத்தால் அவர் என்ன செய்வார்? பிள்ளை கடையைத் தேடிப் போனதில் கல்லூரிகளுக்கும் பங்கு இருக்கிறது என்பது என் கருத்து.

மாணவருக்குப் பதிலாக வேலை செய்து கொடுக்கும் வணிகத்தை ஆஸ்திரேலியா 2020-லும் இங்கிலாந்து 2022-லும் சட்டம் போட்டுத் தடுத்தன. மாணவரை அல்ல, விற்பவரைக் குற்றவாளியாக்கும் சட்டங்கள் அவை. நிரல்களை ஒப்பிட்டுக் காப்பியைப் பிடிக்கும் 'மாஸ்' என்ற மென்பொருள் 1994-லிருந்தே இருக்கிறது. ஆனால், புதிதாகக் கூலிக்கு எழுதப்பட்ட நிரலை அது எப்படிப் பிடிக்கும்? தேர்வாளரின் அந்த ஒற்றைக் கேள்வி பிடித்தது!

இப்போது கடையே தேவையில்லை என்றாகிவிட்டது. 2022 நவம்பரில் சேட்ஜிபிடி வந்தது. இன்று தமிழில் கேட்டாலும் நிரல் எழுதித் தருகிறது. 1,800 வெள்ளி மிச்சம் என்று சில பிள்ளைகள் சிரிக்கிறார்கள். அதைத் தொடவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். வேலைக்குப் போனால் அங்கேயும் அதைப் பயன்படுத்தத்தான் போகிறார்கள். எந்த இடத்தில் பயன்படுத்தினேன் என்று அறிக்கையில் எழுதிவிட வேண்டும். கல்லூரி விதி என்ன என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான். ஆனால், பிஸ்கட் பட்டறையில் எந்த நேரத்தில் என்ன தகராறு வருகிறது என்று அதற்குத் தெரியாது. அதைப் போய்ப் பார்த்து வர வேண்டியது பிள்ளைதான்.

மொரட்டுவையில் பிறந்த 'சித்தி'

சரி, மாணவர் திட்டப்பணியால் உலகத்துக்கு ஏதாவது பயன் விளைந்திருக்கிறதா என்று கேட்பீர்கள். ஓர் உதாரணம் சொல்கிறேன். அமெரிக்காவிலிருந்து அல்ல, பக்கத்திலிருக்கும் இலங்கையிலிருந்து.

கொழும்புக்குத் தெற்கே மொரட்டுவைப் பல்கலைக்கழகம். அங்கே கணினி அறிவியல் பொறியியல் துறையின் இறுதியாண்டு மாணவர்கள் நால்வர் சேர்ந்து ஒரு திட்டப்பணி செய்தார்கள். அவர்களில் ஒருவர் ஸ்ரீஸ்கந்தராஜா சுகோதயன், தமிழர். மற்ற மூவர் சிங்கள மாணவர்கள். மென்பொருளுக்கு அவர்கள் வைத்த பெயர் 'சித்தி'. நம் வீட்டுச் சின்னம்மா இல்லை! கைகூடுதல் என்ற பொருளிலும் சித்தி என்ற சொல் உண்டு. யாழ்ப்பாணத்துக்காரர்கள் பரீட்சையில் தேறினால் 'சித்தியடைந்தான்' என்பார்களே, அதை நினைவூட்டும் பெயர்.

அது என்ன செய்கிறது? உங்கள் வங்கி அட்டை காலை 10 மணிக்கு ஈப்போவில் ஒரு கடையில் பயன்படுகிறது. 10.20-க்கு அதே அட்டை லண்டனில் பயன்படுகிறது. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் சாதாரணச் செலவு. இரண்டையும் நேரத்தோடு சேர்த்துப் பார்த்தால்தான் திருட்டு என்று தெரியும். இரவு கணக்கு முடிக்கும்போது கண்டுபிடித்து என்ன பயன், பணம் போயிருக்குமே! தகவல் ஆறுபோல ஓடிக்கொண்டிருக்கும்போதே அதில் வலையைப் போட்டு, இது நடந்து இத்தனை நிமிடத்துக்குள் அது நடந்தால் உடனே சொல் என்று கேட்க வேண்டும். அந்த வேலையைச் செய்வதுதான் சித்தி.

அப்படிப்பட்ட மென்பொருள் உலகத்தில் அதற்கு முன்பு இல்லையா? இருந்தது. எஸ்பர் என்ற மென்பொருள் பிரபலமாக இருந்தது. அந்த மாணவர்கள் 'உலகில் முதன்முதலாக' என்றெல்லாம் மார்தட்டவில்லை. இருப்பவை எப்படி வேலை செய்கின்றன என்று படித்தார்கள், உள்ளமைப்பை வேறு விதமாகக் கட்டினால் வேகம் கூடுமா என்று கேட்டார்கள், கட்டினார்கள், எஸ்பரோடு ஒப்பிட்டு அளந்தார்கள். 2011-இல் வழிகாட்டிகளோடு சேர்ந்து ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள். அந்த வழிகாட்டிகளில் ஒருவரான ஸ்ரீநாத் பெரேரா, டபிள்யூ.எஸ்.ஓ.2 என்ற இலங்கையில் பிறந்த மென்பொருள் நிறுவனத்தோடு தொடர்புடையவர். அந்த நிறுவனம் சித்தியைத் தன் தயாரிப்புக்குள் சேர்த்துக்கொண்டது. சுகோதயனும் அங்கேயே சேர்ந்து பல ஆண்டுகள் அதை வளர்த்தார். மூலநிரலை யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டார்கள். 2016-இல் ஊபர் நிறுவனப் பொறியாளர்கள், எங்கள் அமைப்புக்குள் சித்தி இருக்கிறது என்று மேடையில் பேசினார்கள். வாடகை வண்டிக்காக உலகெங்கும் கைத்தொலைபேசியைத் தட்டினார்களே, அந்த ஊபர்தான்!

இது வானத்திலிருந்து விழுந்த அதிர்ஷ்டம் இல்லை. கூகல் நிறுவனம் 2005-இல் தொடங்கிய கோடைக்கால நிரலாக்கத் திட்டத்தில், முதல் பத்து ஆண்டுகளில் உலகிலேயே அதிக மாணவர்களை அனுப்பிய பல்கலைக்கழகம் மொரட்டுவைதான். உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த நாடு அது. அங்கே அண்ணன்மார் செய்வதைத் தம்பிமார் பார்த்தார்கள், வேலை செய்யும் பொறியாளர்களே வந்து வழிகாட்டினார்கள். நம் பிள்ளைகளுக்கு அந்தச் சூழ்நிலை குறைவு என்பதை நான் மறுக்கவில்லை.

நம் தெருவில் கேள்வி இல்லையா?

நான் விசாரித்த வரையில் நம் பிள்ளைகள் எடுக்கும் தலைப்புகள் சலிப்பூட்டுகின்றன. நூலக நிர்வாகம், முகத்தைப் பார்த்து வருகைப்பதிவு, வாகன நிறுத்துமிடம், மீண்டும் நூலக நிர்வாகம். எந்த நூலகத்துக்கு என்று கேட்டால் பதில் இல்லை!

அல்லது ஒரேயடியாக வானத்தில் ஏறிவிடுகிறார்கள். நம்மைச் சுற்றிச் சுண்ணாம்புக்கல் மலைகள். 1973 அக்டோபரில் குனோங் சீரோவில் பாறை சரிந்து சுமார் 40 உயிர்கள் போனதை இந்த மண்டபத்தில் உள்ள பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஒரு மாணவி 'செயற்கை நுண்ணறிவால் பாறைச் சரிவை முன்கூட்டியே அறிவிப்பேன்' என்று எழுதிக் கொடுத்தார். நல்ல மனசு. ஆனால், புவியியல் நிபுணர்களே தயங்குகிற காரியத்தை எட்டு மாதத்தில் ஒருவர் எப்படிச் செய்வார்? மேற்பார்வையாளர் அதைச் சுருக்கச் சொன்னார்: ஒரே இடத்தை வெவ்வேறு நாளில் கைத்தொலைபேசியில் எடுத்த படங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி, விரிசல் மாறியிருக்கிறதா என்று காட்ட முடியுமா? அவ்வளவுதான். மாறுகிற வெயிலும் நிழலும் படத்தைக் கெடுப்பதைச் சமாளிப்பதற்கே அவருக்கு ஒரு பருவம் போதவில்லை.

இன்னொன்று எனக்கு மிகவும் பிடித்தமான விஷயம், கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். 'தமிழ் நேசன்' 1924-இல் தொடங்கி 2019-இல் நின்றுபோனது. அதன் பழைய பக்கங்களில் நம் தாத்தா பாட்டிகளின் கதை முழுவதும் இருக்கிறது: எந்தத் தோட்டத்தில் வேலைநிறுத்தம், எந்தக் கோயிலில் திருவிழா, யார் மரணம். அவற்றைப் படமாக ஸ்கேன் செய்து வைத்தால் மட்டும் போதாது. ஒரு தோட்டத்தின் பெயரைத் தட்டினால் செய்தி வந்து நிற்க வேண்டும். அதற்குக் கணினி எழுத்துகளை வாசிக்க வேண்டும். டெஸராக்ட் என்ற இலவச மென்பொருள் தமிழை வாசிக்கும். ஆனால், பழைய அச்சில் லை, ளை, னை, ணை ஆகியவற்றுக்கு யானைத் துதிக்கைபோலக் கொம்பு இருக்குமே! ணா, றா, னா வடிவமும் வேறு. தமிழ்நாட்டில் 1978-இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்தபோது மாறியவை இப்படி 13 எழுத்துகள். இன்றைய அச்சைப் பார்த்துப் பழகிய கணினி பழைய 'மலை'யைக் கண்டால் தடுமாறும்.

இதோ ஒரு திட்டப்பணி! பழைய பக்கம் 50 எடுத்துக்கொள்ளுங்கள். கணினி எத்தனை எழுத்தைத் தவறாக வாசிக்கிறது என்று எண்ணுங்கள். அந்த 13 எழுத்துகளை மட்டும் கற்றுக் கொடுங்கள். மறுபடி எண்ணுங்கள். குறைந்ததா? எவ்வளவு? குறையாவிட்டால் ஏன்? மங்கிய மையா, மடித்த காகிதமா? கேள்வி சின்னது, விடை அளக்கக்கூடியது. சீன மாணவரோ மலாய் மாணவரோ இதைச் செய்ய வரமாட்டார் என்பதில்லை. ஆனால், தவறைப் பார்த்தவுடன் தவறு என்று தெரிவது தமிழ் படித்த பிள்ளைக்குத்தானே? தமிழ்ப்பள்ளியில் படித்தது கணினித் துறையில் எதற்கு உதவும் என்று கேட்கிறவர்களுக்கு நான் இதைத்தான் காட்டுவேன். நம் நாட்டு முத்து நெடுமாறன் 1985-இல் 'முரசு' மென்பொருளைத் தொடங்கியதும் தமிழைத் திரையில் காண வேண்டும் என்ற தேவையிலிருந்துதான்.

கோயில் கணக்கு, மருந்தகக் குறிப்பு என்று போகிற மாணவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. ஆட்களின் பெயர், அடையாள அட்டை எண், நோய் விவரமெல்லாம் கைக்கு வந்தால் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். சம்பந்தப்பட்டவரிடம் ஒப்புதல் வாங்குங்கள். முடிந்தால் உண்மையான பெயர் இல்லாமலே வேலையை முடியுங்கள். 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைப் பற்றி வைவாவில் கேட்டால் விழிக்காதீர்கள்.

பையனின் இரண்டாவது முயற்சி

அந்தப் பையனிடம் திரும்புவோம். தோற்ற பிறகு அவன் அம்மா வேலை செய்யும் பட்டறைக்கே போனான். சீனப் பெருநாளுக்கு முன்பு அங்கே மூச்சுவிட நேரம் இருக்காது. தேங்காய் மட்டை போட்டு அடுப்பு எரியும், மாவுக்குள் வெங்காயமும் இனிப்புப் பாகும் வைத்து அடைத்துக்கொண்டே இருப்பார்கள், இடையில் தொலைபேசியில் ஆர்டர் வரும். தௌக்கே ஒரு நோட்டில் கிறுக்கி வைப்பார். யாருக்கு எத்தனை பொட்டலம், என்றைக்கு என்பதில் வருடா வருடம் குழப்பம், சண்டை.

இவன் அதற்கு ஒரு கைத்தொலைபேசிச் செயலி செய்தான். முதல் நாளே தௌக்கே அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். கையெல்லாம் மாவும் எண்ணெயும், எப்படித் திரையைத் தொடுவது? பொத்தான்களைப் பெரிதாக்கினான். அப்போதும் சரிவரவில்லை. பிறகு குரலில் சொன்னால் பதியும்படி முயன்றான். தௌக்கே பேசுவது கண்டோனீஸ், நடுவில் மலாய். கணினிக்குப் பிடிபடவில்லை. கடைசியில் செயலியை அம்மாவிடம் கொடுத்தான். ஆர்டர் வந்தால் அவர் பதிவார். காலையில் அன்றைய பட்டியல் தாளில் அச்சாகும். தௌக்கே அதைச் சுவரில் ஒட்டிக்கொள்வார். மூன்று வாரம் ஓடியது. தவறிய ஆர்டர்களை முந்தைய நோட்டோடு ஒப்பிட்டு எழுதினான்.

இந்த முறை வைவாவில் தேர்வாளர், "இப்போதும் பயன்படுத்துகிறார்களா?" என்று கேட்டாராம். "இல்லை சார். பெருநாள் முடிந்ததும் அச்சுப்பொறியில் மை தீர்ந்தது, தௌக்கே நோட்டுக்கே திரும்பிவிட்டார்" என்றிருக்கிறான். ஏன் என்று கேட்டார்கள். அதற்கு அரை மணி நேரம் பதில் சொல்லியிருக்கிறான். நிரலில் ஓர் இடத்தை மாற்றிக் காட்டச் சொன்னபோது, எந்தக் கோப்பு என்று யோசிக்கவே இல்லையாம். பி கிரேடில் தேறினான்.

அம்மாவைப் போன வாரம் பார்த்தேன். நகையை இன்னும் மீட்கவில்லை. "ஆனா தங்கச்சி, நான்தான் கம்ப்யூட்டர்ல ஆர்டர் எழுதினேன்" என்று மூன்று தடவை சொன்னார்.

பேராவில் படிக்கிற இறுதியாண்டு மாணவர்கள் சிலர் இங்கே வந்திருக்கிறார்கள். கோயில் நிர்வாகத்தினரும் பள்ளி வாரியத்தினரும் இருக்கிறீர்கள். உங்களிடம் குழப்பமாக இருக்கும் நோட்டு, பட்டியல், கணக்கு எதுவானாலும் இந்தப் பிள்ளைகளிடம் காட்டுங்கள். இலவசமாக மென்பொருள் கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்; அவர்கள் கேட்கிற கேள்விகளுக்கு நேரம் ஒதுக்கினால் போதும். வீட்டில் பழைய தமிழ் நாளிதழ் வைத்திருப்பவர்கள் அதை எடைக்குப் போடுவதற்கு முன்பு நம் குழுவினரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

இனி கேள்வி நேரம். மூன்றாவது வரிசையில் ரொம்ப நேரமாகக் கை தூக்கிக்கொண்டிருக்கும் ஐயாவுக்கு ஒலிவாங்கியைக் கொடுங்கள்.